சமையலறைக் கல்லுக்குக் கீழே

ஞாயிறு காலை, வேலைக்காக வந்த வெளிமாநில நகரத்தில், கொண்டாப்பூர் வாடகை வீட்டில், குளியலறைத் தரைக்குக் கீழே தண்ணீர் சலசலத்தது. கட்டடமே சரியப்போகிறது என்று முடிவுசெய்து, லேப்டாப்பையும் சான்றிதழ்களையும் பையில் திணித்து, லுங்கியோடு வாசலில் நின்ற வீரன் நான். பிறகுதான் புரிந்தது, மேல்வீட்டில் யாரோ குளித்த தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்குகிறது.

அந்தச் சத்தம் என்னை எங்கள் கடலோர ஊருக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே முதலில் வந்தவர்கள் உப்புக்கரிக்காத ஒரே ஓடையின் இரு கரையிலும் குடியேறினார்கள். ஆள் பெருகப் பெருக, ஓடைமேல் கற்பலகை பாவி வீடு கட்டிக்கொண்டார்கள். எங்கள் சமையலறையில் ஒரு பலகையைத் தூக்கினால் ஈரமண் வாசனையும் அடுத்த வீட்டுக் குரலும் சேர்ந்து மேலே வரும்.

"மதினி, இன்னைக்கு என்ன மீனு?" என்று அத்தை ஓடைக்குள் கேட்பாள்.

"சாளைதான். வாசம் வந்த பொறவும் கேக்கியளே!"

முதல்முறை அதைக் கேட்டு நான் அலறிக்கொண்டு கடற்கரைவரை ஓடினேன். "ஏல, பேய் இல்லல, பக்கத்து வீட்டுப் பெரியம்மைல!" என்று அத்தை துரத்திவந்தாள்.

இங்கே மூன்று வருடமாக ஞாயிறுகளில் என்னோடு பேசியவை டிவியும் லிஃப்டும்தான். குளியலறைக்குத் திரும்பிக் குனிந்து, தண்ணீர் போகும் துளையில் வாய்வைத்து, "மதினி, என்ன மீனு?" என்றேன்.

"கௌன் ஹை?" என்றது கீழ்வீட்டு ஆண்குரல்.

இந்த ஊரில் அக்கம்பக்கத்தார் ஒருவர் நான் யாரென்று கேட்டது அதுதான் முதல்முறை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கை பயந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டது. பக்கெட் நிரம்பி வழிந்த பிறகும் அதை மூட எனக்குத் தைரியம் வரவில்லை.