சிங்கத்துக்கு ஏது ராகு காலம்?

பயண ஏஜென்ட் வேலையில் மழை பெய்தாலும் நமக்குத்தான் திட்டு, வெயில் அடித்தாலும் நமக்குத்தான் திட்டு. கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துச் சிரித்தே தாடை வலி கண்ட அத்தனை பேருக்கும் இது தெரியும். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் நான் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறேன். எப்போதாவது நாமும் ஜெயிப்பது உண்டு. இது அப்படி ஜெயித்த கதை. அடக்கமாகச் சொல்லும் உத்தேசமில்லை.

ஆள் போகாத மூலை

ஆப்பிரிக்கா என்றால் எல்லோரும் ஒரே பக்கம்தான் போகிறார்கள். அங்கே ஒரு சிங்கம் கொட்டாவி விட்டால் போதும், ஜீப்புகள் வந்து மொய்த்துக்கொள்ளும். எனக்கு அது பிடிக்காது. தான்சானியாவில் ஒரு பெரிய சரணாலயத்தின் தெற்கு மூலையில், வறண்ட ஆற்றின் கரையில், ஒரு சின்ன கேம்ப் இருக்கிறது. நாள் முழுக்கச் சுற்றினாலும் இன்னொரு வண்டி கண்ணில் படாது. போனால் அங்கேதான் என்று பிடிவாதமாக நின்றேன்.

பிளாக்ஹவுஸ் பே செல்லத்துரை அண்ணன் எங்கள் தமிழ் முதியோர் சங்கத்தின் தலைவர். முதலில் தானும் மனைவி பூமணி அக்காவும் போய்ப் பார்ப்பார்களாம். சிங்கம் கண்ணில் பட்டால் அடுத்த வருஷம் சங்கத்தையே என்னிடம் அனுப்புவாராம், படாவிட்டால் போட்டிக் கடைக்காம். வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். அந்தச் சங்கப் பயணம் கிடைக்காவிட்டால் நான் கடையை மூட வேண்டியதுதான். நான் விரித்து வைத்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "சனம் போகாத இடமெண்டால் அதுக்கொரு காரணம் இருக்கும், பிள்ளை."

மானோ மான்

நானே அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் முழுக்க மான். புதருக்குப் பின்னால் மான், புற்றுக்குப் பக்கத்தில் மான், கண்ணை மூடினாலும் மான். எங்கள் டிரைவர் டேனியல் ஒவ்வொரு மானுக்கும் வண்டியை நிறுத்தி மரியாதை செய்தான். செல்லத்துரை அண்ணன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

தனியாகப் பணம் கட்டி எங்களோடு சேர்ந்துகொண்ட பாபடோயிட்டோய் பகுதி லூர்து அங்கிளும் வண்டியில் இருந்தார். மலேசியாக்காரர், ஏர்போர்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சீட்டில் சரிந்து படுத்தார். "மான் நிறைய பாத்தாச்சு லா. இனிமே சிங்கம் வந்தா மட்டும் எழுப்புங்கம்மா."

ஜீப்பில் தோப்புக்கரணம்

மறுநாள் யானைகள் வந்தன. பெரியதும் சின்னதுமாக ஒரு குடும்பமே சாவகாசமாகப் பாதையைக் கடந்தது. நான் மனசுக்குள் குதித்தேன். பூமணி அக்கா செருப்பைக் கழற்றினார். நெற்றியில் குட்டிக்கொண்டார். அடுத்து இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு, அந்தத் திறந்த ஜீப்பிலேயே தோப்புக்கரணம் போட ஆரம்பித்துவிட்டார்.

வண்டி மேலும் கீழும் ஆடியது. முன்னால் நின்ற தாய் யானை காதை விரித்து எங்களையே முறைத்தது. வண்டி ஆடினால் யானைக்குப் பிடிக்காது, அம்மாவை உட்காரச் சொல்லுங்கள் என்று டேனியல் கிசுகிசுத்தான். நான் மொழிபெயர்த்தேன். அக்கா உட்கார்ந்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் பிடிக்காதெண்டு இவருக்கு ஆர் சொன்னது?"

ஆக்லாந்து நேரம்

கடைசி நாள் வரை சிங்கத்தின் வால்கூடத் தென்படவில்லை. ஆற்றின் மேல்பக்கம் புதிய காலடித் தடம் பார்த்ததாகவும், வெளுக்கும்போதே கிளம்பினால் பிடித்துவிடலாம் என்றும் டேனியல் சொன்னான். எல்லோரும் ஸ்வெட்டரோடு ஏறி உட்கார்ந்தாயிற்று. பூமணி அக்கா மட்டும் சாப்பாட்டுக் கூடாரத்தின் வாசலில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "இப்ப ராகு காலம். முடிய வெளிக்கிடுவம்."

கெஞ்சினேன். அசையவில்லை. மனைவி வராமல் அண்ணன் வரமாட்டாராம், அவரும் இறங்கினார். லூர்து அங்கிள், அப்படியானால் ஒரு டீ என்று இறங்கினார். எனக்கு வந்த கோபத்தில் அக்காவின் கையைப் பிடித்துக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். விடிகிற நேரத்தில் அது மத்தியானம் மூன்று மணி காட்டியது! பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விடும் நேரம் தெரிய வேண்டுமென்று, ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்தே அதை ஆக்லாந்து நேரத்தில் வைத்திருக்கிறார். "அக்கா, ராகு காலம் அங்கேதான், இங்கே இல்லை!" என்று கத்த வாயைத் திறந்தேன்.

டேனியல் என் தோளை அழுத்தினான். எதிரே, ஆற்று மணலில், சிங்கங்கள். முன்னால் இரண்டு பெண் சிங்கம், நடுவே ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டு குட்டிகள், கடைசியில் பிடரியோடு ஆண். மேல்பக்கத்திலிருந்து அவையே இறங்கி வந்துவிட்டன. நாங்கள் கிளம்பியிருந்தால் அவை கீழே வர, நாங்கள் காட்டுப் பாதையில் மேலே போய்த் தவறவிட்டிருப்போம். சுற்றிலும் வேறு ஒரு வண்டி இல்லை. அந்த ஆறு முழுக்க எங்களுக்கு மட்டும். ஆண் சிங்கம் நின்று, மணலில் முன்னங்காலை ஊன்றி ஒரு முறை கர்ஜித்தது. லூர்து அங்கிள் கையில் இருந்த டீ தளும்பியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். செல்லத்துரை அண்ணனும்தான், கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார்.

அவை புதருக்குள் மறைந்தன. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஓம் பிள்ளை, சங்கத்து ஆக்களுக்கும் இந்த மூலைதான். ஆனா பூமணியின்ர கடிகாரத்தையும் கூட்டிக்கொண்டு வரவேணும்."

கடை மாடிப்படியில்

நாங்கள் திரும்பி வருவதற்குள் கதை எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. சங்கத்துக்காரர்கள் பாஸ்போர்ட்டும் கையுமாக மாடிப்படியில் நின்றார்கள். வரிசையில் ஓர் இளம் நர்ஸ், ஊர் கோயம்புத்தூராம். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த என் தெற்கு மூலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது இதுதான்: "அக்கா, எங்கம்மாவுக்குச் சிங்கம் பாக்கணுமாம். ஆனா அவங்க ராகு காலமெல்லாம் பாக்க மாட்டாங்க, பரவால்லீங்களா?"

பெயரெல்லாம் பூமணி அக்காவின் கடிகாரத்துக்கே போய்ச் சேரட்டும், புக்கிங் என் கடைக்குத்தானே வருகிறது!