தண்ணீர் படாத போன்

பொன்னமராவதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஆசையாக வாங்கிய செல்போனின் திரை, சில வாரங்களிலேயே கறுத்துவிட்டது. வாரன்ட்டி இருக்கும் தைரியத்தில் கணவரோடு புதுக்கோட்டை சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் சிம் ட்ரேயை உருவி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள இருக்க வெள்ளை ஸ்டிக்கர் செவந்துருக்குக்கா. தண்ணி பட்டாத்தான் இப்புடி மாறும். வாரன்ட்டி கெடைக்காதுங்க" என்றார்.

"ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படலைம்மா!" என்று நான் குரலை உயர்த்தினேன். கணவர் வேறு, "பாத்திரம் வெளக்கும்போது போன் பேசாதன்னு சொன்னேன்ல" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரைக் கவனித்தேன். ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் இன்னும் அழியாமல் இருந்தன. சட்டென்று பொறி தட்டியது. தையல் மெஷின், கத்தரிக்கோலோடு போனின் ஓரத்தில் சிம் ட்ரே துளை மேலேயும் தாராளமாகக் குங்குமம் வைத்தவள் நான்தானே!

"அது குங்குமமா இருக்கும், தொடச்சுப் பாரும்மா" என்றேன். துடைத்ததும் பஞ்சு சிவந்தது. ஸ்டிக்கர் வெள்ளை வெளேரென்று ஆனது. அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் காத்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வாரன்ட்டியிலேயே புதுத் திரை போட்டுக் கொடுத்தார்கள்.

இந்த ஆயுதபூஜைக்குப் பொட்டு, போன் வந்த அட்டைப்பெட்டிக்குத்தான். போனுக்குத் தூரத்திலிருந்து சூடம் மட்டும் காட்டினேன்.

அப்புறம், அன்று ஊர் திரும்பியதும் வீட்டில் பாத்திரம் விளக்கியது யார் என்று கேட்கிறீர்களா? என் கணவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தேன்!