சிவப்பில் இருந்த பெயர்கள்

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் இருபது வருடமாக ரவிக்கை தைக்கும் தஸ்லீமா, வாடிக்கையாளர்களின் அளவுகளைக் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தார். பார்த்து நடந்துகொள்ள வேண்டியவர்களின் பெயர்கள் மட்டும் சிவப்பில் இருக்கும். ஆனால் கடை மாடியில் அவருக்குத் துணி வெட்டிக் கொடுக்கும் யாசினின் பழைய கணினியில் அந்தக் குறிப்புகள் திறக்கவே மாட்டேன் என்றன. அதனால் வெறும் எழுத்தாகவே சேமிக்கும் ஒரு செயலிக்கு எல்லாவற்றையும் மாற்றினார். இப்போது ஒரே கோப்பு இரண்டிலும் திறந்தது. நிறம்தான் போய்விட்டது.

“யாசின், என் சிவப்பெல்லாம் எங்கப்பா போச்சு?”

“இதுல கலர் வராது லா அக்கா. சிவப்பு எதுக்குன்னு பக்கத்துல எழுதிடுங்க. எனக்கும் தெரியணும்ல?”

எரிச்சலோடு உட்கார்ந்தார். முதல் பெயருக்குப் பக்கத்தில், “இடுப்பளவைக் குறைத்துச் சொல்வார், நம்பாதே” என்று எழுதினார். அடுத்ததற்கு, “நாளைக்கே கல்யாணம் என்பார், பொய்.”

மூன்றாவது பெயர் ரமணி. புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்த பிறகு, முதல் ரவிக்கைக்கு இங்கே வந்தவர். தஸ்லீமாவின் விரல் அப்படியே நின்றது.

கடைசியில், “இடப்பக்கம் பஞ்சு வைக்க இடம் விட்டு வெட்டு. ஏன் என்று கேட்காதே” என்று எழுதினார். அன்று கடைக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு அவருக்கு அளவெடுத்ததை மட்டும் எழுதவில்லை.