சொல்லாமல் வைத்த இரண்டு வரி

எழுபத்தொரு வயதில் ஈனிட் ராக்ளிஃபுக்கு மறுபடி தேவதை வேடம் கிடைத்தது. இங்கிலாந்தின் மோர்க்கம் கடற்கரை அரங்கில் கிறிஸ்துமஸ் நாடகம். முடித்துவைக்கும் இரண்டு வரி அவளுடையது.

பத்தொன்பதில் ஊர் ஊராகப் போகும் குழுவில் சேர்ந்தவள். முதலில் நாயகியின் தோழி, பிறகு நாயகியின் அத்தை. நடுவில் நாயகி வரவே இல்லை. முப்பது படங்களில் யார் யாருக்கோ கதவு திறந்துவிட்டிருக்கிறாள். கணவன் கனடா போனான். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. போன வசந்தத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒரே வசனத்தை நான்கு முறை மறந்தாள். ஐந்தாம் முறை அதை வேறொருத்தி பேசினாள். அதன்பின் தொலைபேசி அடிக்கவில்லை. இங்கேயும் தடுமாறினால் அவ்வளவுதான்.

கடைசி வரிகளை ஒத்திகையில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் நாடகம் உருப்படாது என்று நாடகக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. வாடகை அறையில் தனியாக இருந்தபோதுகூட அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒத்திகை நடந்த மூன்று வாரமும் அந்த இடம் வந்தால் மந்திரக்கோலைத் தூக்கி ஒரே பேச்சுதான்: "இங்க ரெண்டு வரி, அப்புறம் வீட்டுக்குப் போலாம்."

முதல் காட்சி மதியம். எல்லா வசனமும் பிசகாமல் வந்தது. கடைசியில் மந்திரக்கோலைத் தூக்கினாள்.

"இங்க ரெண்டு வரி, அப்புறம் வீட்டுக்குப் போலாம்."

 அரங்கமே சிரித்தது. திரை விழுந்தது.

கிழவி வேடம் கட்டும் லெனி டார்டாஃப் பொய்மார்போடு வந்து கட்டிக்கொண்டான். "அடிப்பாவி! வேணும்னேதான பண்ணின?"

"பின்ன? உன் மூஞ்சிய ஜனங்க இன்னும் எவ்வளவு நேரம் பாக்கறது?"

இளம் இயக்குநர் ஓடிவந்தான். "பிரமாதம் ஈனிட்! தினமும் இதையே சொல்லிடுங்க. அடுத்த வருஷமும் நீங்கதான்."

அரங்கின் பின்வாசலில் மற்றவர்களின் வீட்டார் காத்திருந்தார்கள். அவள் இறக்கைகளை ஆணியில் மாட்டிவிட்டுக் காற்றுக்குத் தலையைக் குனிந்தபடி நடந்தாள்.

அறையில் நாடகப் பிரதியை மூடி வைத்துவிட்டு நின்றாள். இனிமேல் சொல்லலாம். முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவது வரி நினைவுக்கு வரட்டும் என்று காத்திருந்தாள்.

கீழிருந்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "மேல யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்ல மிஸஸ் பிக்கப். யாரும் வரல."

மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள், இந்தமுறை மெதுவாக.