மூடிய அறைக்கு வெளியே

தாம்பரம் தாண்டியதும் ஜி.எஸ்.டி. சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். ஆட்டோ நின்றுவிடுகிறது. விமானத்துக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. பருவநிலை மாநாட்டுச் செய்தி சேகரிக்க முதல்முறையாக வெளிநாடு போகிறேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் இறங்கித் தள்ளுகிறேன்.

“அங்க போய் இன்னா பண்ணுவீங்க சார்?” என்கிறார் ஓட்டுநர், மூச்சு வாங்க.

“பேச்சுவார்த்தை மூடின ரூமுக்குள்ள நடக்கும். வெளிய வர்றவங்கள கேட்டுத்தான் எழுதணும்.”

“சிரிச்சிகினு வர்றவன கேக்காதீங்க. மூஞ்ச தொங்கப் போட்டுகினு ஒருத்தன் வருவான், அவனப் புடிங்க. ஊரப்பாக்கத்துல எங்க தெருவுல மழத்தண்ணி நிக்குதுன்னு மீட்டிங் போட்டாங்க. சிரிச்சிகினு வந்தவரு எல்லாம் முடிஞ்சிட்ச்சின்னாரு. இப்பவும் வூட்டுக்குள்ள தண்ணி கீது.”

“இப்பவா? வீட்டுல யாரு இருக்காங்க?”

“சம்சாரமும் பொண்ணும். மாடி வூட்ல ஏத்தி வுட்டுட்டுத்தான் சவாரிக்கு வந்தேன்.”

நான் இன்னும் அழுத்தித் தள்ளுகிறேன். இன்ஜின் இருமிவிட்டு உயிர் பெறுகிறது.

“அங்கேருந்து தினமும் உங்களுக்கு போன் பண்றேண்ணா. தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு சொல்லுங்க.”

“சொல்றேன். நீங்க அந்த ரூம்லேருந்து வெளிய வர்றவங்களுக்குச் சொல்லுங்க.”