கிறகரியின் பத்துச் செக்கன்

மன்னார், பேசாலைச் சங்குக் குளியாளி கிறகரி பதினைந்து வயதில் கடலில் இறங்கியவர். சிலிண்டர் கட்டிக் குளிப்பவர்களைக் கேலி செய்துகொண்டு மூச்சடக்கியே குளித்தார். கடற்றொழில் சங்கத்தின் பதிவேட்டை முப்பத்தொரு வருடம் எழுதியவன் நான். அதில் அவர் நீருக்குள் நின்ற ஆகக் கூடிய நேரம் இரண்டு நிமிடம் பன்னிரண்டு செக்கன்.

2023இல் அவருடைய இதயக் குழாய் ஒன்று அடைபட்டது. குழாயை விரித்து வைக்க இரண்டரை மில்லிமீற்றர் ஸ்ரென்ற் என்ற கம்பிவலைக் குழலை வைத்து, இனிச் சங்கு குளிக்கக் கூடாது என்றார்கள். ஒன்றரை வருடம் கரையிலிருந்து கிழிந்த வலை பொத்தினார். பிறகு மறுபடியும் நெஞ்சு இறுகியது.

"ஸ்ரென்ற் திரும்ப அடைக்குதோ எண்டு பாக்கவேணும்," என்றார் வைத்தியர். "இவ்வளவு சின்னதுக்குள்ள பழைய ஸ்கானில தெரியாது, உலோகம் மின்னி மறைச்சுப்போடும். கொழும்பில புது மெஷின் இருக்கு."

"திறந்திருந்தா கடலுக்குப் போகலாமோ?"

"முதல் படம் வரட்டும்."

2025 பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. அவருடைய மனைவி யசிந்தாவும் நானும் கூடப் போனோம். நாடித்துடிப்பைக் குறைக்கக் குளிசை கொடுத்தார்கள். துடிப்பு 58க்கு இறங்கியது.

"ஐயா, சொல்லேக்க சாதாரணமா மூச்சை இழுத்துப் பத்துச் செக்கன் பிடிச்சாப் போதும்," என்றாள் படம் எடுக்கும் பெண்.

"பத்துச் செக்கனோ பிள்ளை? அதுக்குள்ள நான் சறத்தைக்கூட மடிச்சுக் கட்டமாட்டன்."

உள்ளே, குழாய்கள் படத்தில் தெரிவதற்கான மருந்து ஏறி உடம்பு சுட்டதும், குளியாளிகள் வள்ளத்து விளிம்பில் செய்வதுபோல வேகமாக ஊதி ஊதி மூச்சு வாங்கியிருக்கிறார். துடிப்பு 94க்கு ஏறிவிட்டது. இதயம் துள்ளியதால் ஸ்ரென்ற் இருந்த இடம் மட்டும் படத்தில் கலங்கிப்போனது. சிறுநீரகம் பலவீனமானதால் அன்றே மறுபடியும் மருந்து ஏற்ற முடியாது. மார்ச் 4ஆம் திகதி வரச் சொன்னார்கள்.

"பத்துச் செக்கன் சும்மா கிடக்கத் தெரியாத மனுசன்!" என்று பஸ்ஸில் யசிந்தா ஏசினார்.

"வடிவா அடக்கவேணுமெண்டுதானே செய்தனான். கலங்கினது படம்தான். அடைச்சிருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார் கிறகரி. மதவாச்சி தாண்டும்வரை சிரித்த முகமாகவே இருந்தார்.

பெப்ரவரி 27ஆம் திகதி கடல் தெளிந்திருந்தது. யசிந்தா மறித்தார். சும்மா பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, கூடத் தொழில் செய்த றொசாந்தனின் வள்ளத்தில் கிறகரி ஏறினார். மூன்றாம் தரம் இறங்கியவர் மேலே வரவில்லை. றொசாந்தன் நூறு வரை எண்ணியும் பயப்படவில்லை. கிறகரி அதற்கு மேலும் நிற்பவர்தானே.

மரண விசாரணை அதிகாரி உடலை வெட்டிப் பார்க்கத் தேவையில்லை என்று, நீரில் மூழ்கியதாக எழுதினார்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் யசிந்தா கொழும்பு அறிக்கையோடு என்னிடம் வந்தார். "அண்ணை, குழாய் திறந்துதானே இருந்தது? அடைச்சிருந்தா நான் காலைப் பிடிச்செண்டாலும் மறிச்சிருக்க வேணும்."

அறிக்கையை இரண்டு தரம் வாசித்தேன். மற்றக் குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் அளவு இருந்தது. ஸ்ரென்றுக்கு நேரே 'மதிப்பிட முடியவில்லை' என்றிருந்தது.

"தெரியாது பிள்ளை," என்றேன்.

"உங்களுக்கும் தெரியாதோ?" என்று கேட்டார். அறிக்கையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்று மார்ச் 4.