தோற்கிற கழகத்துக்கு ஒரு தாடி

பேஸ்பால் என்றால் சட்டியா பானையா என்று பாரிசின் லாச்சப்பலில் எவருக்கும் தெரியாத எண்பதுகளில், எங்கள் வீடு ஓர் அமெரிக்கக் கழகத்துக்காக முழங்காலில் நின்று மன்றாடியது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு இன்றைக்கும் அதில் வெட்கம் கிடையாது.

எல்லாம் தாய்மாமாவால் வந்தது. பாரிசுக்கு வருமுன் அவர் கப்பலில் வேலை செய்தவர். கப்பல் பழுதாகி அமெரிக்காவின் ஏரிக்கரைப் பட்டணம் ஒன்றில் ஒரு கோடை முழுவதும் கிடந்தபோது, அவ்வூர்க் கழகத்தின் மேல் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நூறு வயது தாண்டிய கழகம். மாமாவின் பாட்டன் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் கடைசியாகக் கிண்ணம் எடுத்ததாம். அதன்பிறகு எடுத்ததெல்லாம் தோல்வி. ஆனாலும் தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு, மகன் பேரனைக் கூட்டிக்கொண்டு, சனம் மைதானத்தை நிரப்புகிறதாம். மாமாவும் அந்தச் சனத்தில் ஒருவராகி, கழகம் வெல்லும்வரை தாடி வழிப்பதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார்.

தாடி நெஞ்சைத் தொட்ட நேரம் பார்த்தா பாரிசுக்குப் பக்கத்துச் சார்செலில் அவருக்குப் பெண் பொருந்த வேண்டும்? பெண்ணின் தகப்பன் கண்டிப்பானவர் என்று கேள்வி. இந்தக் கோலத்தில் மாப்பிள்ளையைக் கண்டால் திரும்பியே பார்க்கமாட்டார் என்று அம்மா கலங்கினாள். நல்லகாலம், அந்த வருஷம் கழகம் கடைசிச் சுற்றுக்கு வந்து முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. ஐந்தில் மூன்று வென்றால் சரி என்பதால் இன்னும் ஒன்று போதும். மட்டையையே கண்டிராத அம்மா மெழுகுதிரி கொளுத்தினாள். செபமாலையில் பத்து மணி கழகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. தாடி வழிக்கப் புது பிளேட்டும் வாங்கி வைத்தாயிற்று.

கார் து நோர் நிலையத்தில் விற்கும் ஆங்கிலப் பத்திரிகை ஒரு நாள் பிந்தித்தான் முடிவு சொல்லும். மூன்று முறை மாமா அதை வாங்கிவந்தார். மூன்று முறையும் தோல்வி. நான் அழுதேன். அம்மாவுக்குக் கோபம், கழகத்தின் மேலா அந்தோனியார் மேலா என்று தெரியவில்லை.

"தம்பி, சுவாமியாரைக் கேட்டு நேர்த்தியை மாத்துவம். அதுக்கு இடமிருக்கு" என்று கெஞ்சினாள்.

"தோத்த உடனை மாத்தினா அது நேர்த்தியே அக்கா?" என்றார் மாமா.

ஞாயிறு பூசை முடிந்து பெண்வீட்டார் வந்தார்கள். தகப்பனுக்குப் பிரெஞ்சு ஓடாது என்பதால் வழி கேட்கப் பெண்ணும் கூட வந்திருந்தாள். ஊரில் என்றால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவது நடக்குமா? தாடிக்குக் காரணம் கேட்ட தகப்பனுக்கு மாமா கழகத்தின் சரித்திரத்தை ஒரு தோல்வி விடாமல் சொன்னார். அம்மா குசினிக்குள் போய்த் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"வெல்லுற பக்கம் ஒண்டைப் பாத்துப் பிடிக்கிறதுதானே தம்பி?" என்று தகப்பன் இளக்காரமாகச் சிரித்தார்.

"வெல்லேக்கை எல்லாரும் நிப்பினம் ஐயா. தோக்கேக்கை நிக்கவும் ஆக்கள் வேணும்."

அவர் தேநீரைத் தொடாமல் எழும்பினார். காரியம் கெட்டது என்று சிறுபிள்ளை எனக்கே விளங்கியது. வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, தகப்பனின் காதில் விழும்படியே மாமாவைக் கேட்டாள்.

"அடுத்த ஆட்டம் எப்ப?"

"சித்திரையிலை."

"அப்ப சித்திரையிலை வாறன்."

தகப்பன் இருமினார். எனக்கென்றால் ஒரே புளுகம், கால் நிலத்தில் நிற்கவில்லை. பேஸ்பால் பைத்தியம் இன்னொன்று அகப்பட்டுவிட்டதே! அவளுக்கு ஆட்ட விதிகளை நான்தான் சொல்லிக்கொடுப்பேன் என்று பின்னேரம் முழுவதும் மாமாவோடு சண்டை பிடித்தேன். அவர் வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது மட்டும் எனக்கு விளங்கவேயில்லை.